'விங்ஸ்' படத்தை வீட்டுக்குக் கொண்டுவர மூன்று வழிகள்

1927இல் வந்த 'விங்ஸ்' மாதிரி ஒரு பழைய விமானப் படத்தைச் சரிசெய்து டிஸ்க்கில் போட வேண்டும் என்றால், பெரும்பாலானவர்கள் எத்தனை கே ஸ்கேன் (படத்தின் அகலத்தில் எத்தனை ஆயிரம் புள்ளிகள்), எந்த மென்பொருள் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதெல்லாம் பிறகு. எந்த 'விங்ஸ்' வேண்டும் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் வழி மூன்று இருக்கிறது, மூன்றிலும் கடைசியில் கிடைப்பது ஒரே படம் இல்லை. இன்று பெட்டகத்தில் மிஞ்சிக் கிடப்பதை ஸ்கேன் செய்து, அழுக்கை மட்டும் எடுத்து, கறுப்பு வெள்ளையில் அப்படியே கொடுப்பது ஒரு வழி. 1927 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கின் கிரைட்டீரியன் தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் எதைப் பார்த்தாரோ அதை முடிந்தவரை மீட்டெடுப்பது இன்னொன்று. இன்றைய டிவியில் இன்றைய ஆளுக்கு உறுத்தாத மாதிரி, வேகத்தைச் சரிசெய்து, வண்ணம் பூசி, பளபளவென்று ஆக்கிக் கொடுப்பது மூன்றாவது.

பாரமவுண்ட் தன் நூறாவது ஆண்டையொட்டி 2012 ஜனவரியில் இந்தப் படத்தை ப்ளூ-ரேயிலும் டிவிடியிலும் வெளியிட்டபோது பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனது. என் கட்சியையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பொறுத்தவரை முதல் வழியில் ஒரு மூலப்பிரதியை முழுசாகச் செய்து முடித்துவிட்டு அதன் மேல் இரண்டாவதை ஏற்ற வேண்டும், ஒலியில் தாராளமாக இருக்கலாம், மூன்றாவது வழி விமானப் படத்துக்கு ஒத்தே வராது. பின்னால் வருவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காரணங்கள் புரியாது. முதல் ஆஸ்கர் விழாவில், 1929 மே 16இல், சிறந்த படத்துக்கான பரிசை வாங்கிய, முதல் உலகப்போரின் அமெரிக்க விமானிகளைப் பற்றிய மௌனப்படம் இது. இயக்குநர் வில்லியம் வெல்மன் அந்தப் போரில் பிரான்சுக்காகச் சண்டை விமானம் ஓட்டியவர், அதனால் வானத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டெக்சஸின் சான் அன்டோனியோ பக்கம் அமெரிக்க ராணுவத்தின் விமானங்கள், விமானிகள், ஆயிரக்கணக்கான வீரர்கள் எல்லாரையும் வைத்து எடுத்தார்கள். நடிகர்கள் நிஜமாகவே மேலே போனார்கள். சார்ல்ஸ் 'பட்டி' ரோஜர்ஸ் இந்தப் படத்துக்காகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார், ரிச்சர்ட் ஆர்லெனுக்கு ஏற்கெனவே விமானப்படைப் பயிற்சி இருந்தது. விமானத்தின் மேல் கேமராவைப் பூட்டி, நடிகரே ஓட்டிக்கொண்டு, தானே கேமராவையும் இயக்கி, தானே நடித்தும் தொலைக்க வேண்டும். ஸ்டுடியோவில் திரை கட்டி வானத்தைக் காட்டும் வேலையெல்லாம் இல்லை. அப்புறம் மேகம். வெறும் நீல வானத்தில் விமானம் நகர்வதே தெரியாது, எங்கேயோ தொங்குகிற மாதிரி இருக்கும் என்பது வெல்மனுக்குத் தெரியும். தயாரிப்பாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மேகம் வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்தார்.

சரி, மிஞ்சியிருப்பது என்ன? மூல நெகட்டிவ் போய்விட்டது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையும், சிதையாவிட்டால் தீப்பற்றும், இரண்டுக்கும் தப்பியது கொஞ்சம்தான். 'விங்ஸ்' பல காலம் தொலைந்த படம் என்றே கருதப்பட்டு, பிறகு பாரிசின் சினிமாதெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. 2012 மீட்புக்கு அடிப்படையானது பாரமவுண்டின் பெட்டகத்தில் இருந்த ஓர் உபரி நெகட்டிவ், அதுவும் சிதைவும் குறைகளும் உள்ளது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பிரதியிலிருந்து இன்னொன்று என்று படிமேல் படியாக எடுத்த இப்படிப்பட்ட நெகட்டிவில் இரண்டு வகைக் குறை இருக்கும். அந்த நெகட்டிவின் மேலேயே படிந்த தூசு, கீறல் என்பது ஒரு வகை, கழுவினாலோ திரவத்தில் முக்கி ஸ்கேன் செய்தாலோ பெரும்பகுதி போய்விடும். அதற்கு முந்தைய பிரதியில் இருந்த கீறல், சிதைவு, கறை எல்லாம் புகைப்படமாகவே உள்ளே பதிந்துபோனது இன்னொரு வகை. அதைக் கழுவ முடியாது. கணினியில் ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது பிலிமின் ஒவ்வொரு தனிப்படமாக உட்கார்ந்து எடுக்க வேண்டியதுதான். முதல் வழிக்காரர்கள் "இருப்பதை அப்படியே கொடு" என்னும்போது, இருப்பது வெல்மன் எடுத்தது மட்டுமில்லை, நடுவில் யாரோ ஒரு லேப் ஆள் அசட்டையாகப் போட்ட பிரதியின் கறையும் சேர்த்துத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 2023 ஜனவரி 1 முதல் இந்தப் படம் அமெரிக்காவில் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் படம் பொதுச்சொத்து ஆனதால் பெட்டகத்தின் சாவி பொதுச்சொத்து ஆகிவிடாது. நல்ல நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தந்தால்தான் உண்டு, 2012க்காகப் புதிதாகப் பதிவுசெய்த இசைக்கு உரிமை தனி. வெளியாள் ஒருவர் இறங்கினால் அவர் கையில் இருப்பது பழைய தேய்ந்த பிரதியோ, முந்தைய டிஸ்க்கின் படியோதான். அங்கிருந்துதான் மூன்றாவது வழியின் மேல் ஆசை வருகிறது. கையில் சரக்கு மோசமாக இருந்தால் மென்பொருள் கற்பனை செய்து நிரப்பட்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

இனி துடைப்பது. இதில்தான் விமானப் படம் மற்ற படங்களிலிருந்து விலகிப் போகிறது. தானியங்கித் தூசுநீக்கி வேலை செய்யும் விதம் எளிது. ஒரு ஃப்ரேமை எடுத்து முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேமோடு ஒப்பிடும், இதில் மட்டும் இருந்து அவற்றில் இல்லாத புள்ளியோ கோடோ தென்பட்டால் அது அழுக்கு என்று முடிவுகட்டி, பக்கத்து ஃப்ரேமிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டிவிடும். வரவேற்பறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் சுழலும் புரொப்பெல்லரின் இறக்கை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் இருக்கும். மென்பொருளுக்கு அது அழுக்கு. படச்சட்டத்தின் ஓரத்தில் சட்டென்று குறுக்கே போகும் விமானம் தூரத்தில் வெறும் கரும்புள்ளி, அதுவும் அழுக்கு. இயந்திரத் துப்பாக்கியின் வாய்ப்பொறி ஒன்றிரண்டு ஃப்ரேம்தான் நிற்கும், குண்டு வெடிக்கும்போது மண்கட்டி பறப்பதும் அப்படித்தான். பிரான்சின் சான்-மியெல் போர்க்களக் காட்சியில் இவை எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. பட்டனை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனால், திரும்பி வரும்போது போர் பாதிதான் இருக்கும்.

கம்பிகள் வேறு. அந்தக் கால இரட்டை இறக்கை விமானத்தில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே மெல்லிய இழுவைக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் இருக்கும். பிலிம் கீறலும் மெல்லிய கோடுதான். கீறல்நீக்கிக்கு எது கம்பி எது கீறல் என்று தெரியாது. பல ஃப்ரேம்களில் ஒரே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோட்டைத் தேடி அழிப்பதுதான் அதன் வேலை, விமானத்தோடு சேர்ந்து பூட்டிய கேமராவிலோ கம்பி நகரவே நகராது, சட்டத்தில் ஒரே இடத்தில் நிற்கும். இறக்கை ஒட்டாமல் அந்தரத்தில் மிதக்கும் விமானம் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்னொரு வேடிக்கை, ரோஜர்ஸின் பாத்திரம் பாரிசில் குடித்துவிட்டு எங்கே பார்த்தாலும் ஷாம்பெயின் குமிழிகள் மிதப்பதாகக் காணும் காட்சி. ஃப்ரேம் ஃப்ரேமாகச் சேர்த்த குமிழிகள் அவை. அழுக்கோடு குமிழியும் போனால் அந்தக் காட்சியில் ஓர் ஆள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆக, துடைப்பதில் இரண்டே தேர்வு. ஒன்று தானியங்கியை வானக் காட்சிகளில் அணைத்துவிட்டுக் கையால் செய்வது. செலவு அதிகம், மாதக்கணக்கில் ஆட்கள் உட்கார வேண்டும். மற்றது, தானியங்கியை ஓட்டிவிட்டு, அது எதையெல்லாம் அழித்தது என்று தனியாகக் காட்டச் சொல்லி, நல்லதைத் திரும்பக் கொண்டுவருவது. பணம் குறைவாக இருந்தால் இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் அதற்கு உட்காரும் ஆளுக்கு விமானம் தெரிந்திருக்க வேண்டும், இது என் உறுதியான அபிப்பிராயம். அந்தப் புள்ளி தூசா, எதிரி விமானமா என்று சொல்லத் தெரியாதவரிடம் அழிப்பானைக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்ற விதி போதும். ஒரு தூசு மிஞ்சினால் யாரும் சாகமாட்டார்கள்.

ஆட்டம் பற்றியும் இதே கதைதான். பழைய படத்தில் படம் லேசாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும். இதில் ஒரு பகுதி, பிலிம் கேமராவிலும் பிரதி எடுக்கும் பிரிண்டரிலும் சரியாக உட்காராததால் வரும் அலைவு. அது வெல்மனுடையது இல்லை, எடுத்துவிடலாம். இன்னொரு பகுதி, எஞ்சின் அதிர்வில் விமானமே குலுங்கியதால் வருவது. அது தான் படம். பிலிமின் ஓரத்து ஓட்டைகளும் ஃப்ரேம் விளிம்பும் தெரியும்படி ஸ்கேன் செய்தால் முதல்வகை ஆட்டத்தை அளந்து நீக்க முடியும், ஏனென்றால் அதில் விளிம்பும் சேர்ந்து ஆடும். ஆனால் படிமேல் படி எடுத்த நெகட்டிவில் முந்தைய தலைமுறையின் ஆட்டம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், விளிம்பு உதவாது. அங்கே மென்பொருள் ஏதாவது ஒரு நிலையான பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதை அசையாமல் நிறுத்தும். வானத்தில் நிலையான பொருள் எது? மேகமும் நகர்கிறது, விமானமும் நகர்கிறது. ஓட்டுநரின் முகத்தைப் பிடித்தால் விமானம் நடுங்காமல் வானம் நடுங்கும். பார்த்தவுடன் வயிற்றைப் பிரட்டும். தரைக் காட்சிகளில் ஆட்டத்தை எடுங்கள், நாயகி கிளாரா போ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கும்போது வேலி ஆட வேண்டிய அவசியமில்லை. மேலே போனபின் கையை எடுத்துவிடுங்கள்.

கிரெய்ன், அதாவது பிலிமில் இயல்பாகவே தெரியும் பொடிமணிகள், பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு கூட்டத்துக்கு அது இரைச்சல், இன்னொரு கூட்டத்துக்கு அது வேதம். நான் இதில் கொஞ்சம் நடைமுறைவாதி. கிரெய்னை முழுதாகத் தேய்த்துவிட்டால் முகங்கள் மெழுகு மாதிரி ஆகிவிடும், அது எல்லாருக்கும் தெரிந்ததே. வானத்துக்குத் தனியாக ஒரு பிரச்சினை உண்டு. மெல்ல மெல்ல வெளிறிப்போகும் வானத்தை, நிறப்படிகள் குறைவான எட்டு பிட்டில் சுருக்கினால், படிப்படியாக வரிவரியாகத் தெரியும். கிரெய்ன் இருந்தால் அந்த வரிகள் கலைந்து மறைந்துபோகும். கிரெய்னை எடுத்தால் வரி வரும், வரியை மறைக்கச் செயற்கைக் கிரெய்ன் தூவுவார்கள். இதற்கு முதலிலேயே விட்டிருக்கலாமே. அதே சமயம் நான்கைந்து தலைமுறை தள்ளி வந்த நெகட்டிவில் ஒவ்வொரு தலைமுறையின் கிரெய்னும் சேர்ந்து கனமாக இருக்கும், அதில் கொஞ்சம் குறைப்பது பாவமில்லை.

டிஸ்க் தேர்வும் இதோடு சேர்ந்தது. படம் 144 நிமிடம். ஓர் அடுக்கு டிவிடியின் 4.7 ஜிபியில் இதை அடைத்தால் எல்லாம் சேர்த்து நொடிக்கு நாலரை மெகாபிட்கூடத் தேறாது, கிரெய்னும் புகையும் மேகமும் உள்ள படம் கட்டம்கட்டமாக உடைந்துவிடும். இரண்டடுக்கு டிவிடியில் எட்டுக்கு அருகில் வரும், பரவாயில்லை, ஆனால் தூரத்து விமானம் புள்ளியாகவே இருக்கும், 480 வரிகளில் அவ்வளவுதான் கிடைக்கும். 50 ஜிபி ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 30 மெகாபிட் கொடுத்தாலும் சுமார் 32 ஜிபிதான் ஆகிறது, மிச்சத்தில் ஒலிப்பாதைகளும் கூடுதல் சமாச்சாரங்களும் அடங்கும். 4கே டிஸ்க் தேவையா? பல தலைமுறை தள்ளிய நெகட்டிவில் 4கேக்கு உரிய நுணுக்கம் இருக்காது. ஆனால் பத்து பிட் என்பதால் வானம் வரியில்லாமல் வரும், இந்த ஒரு காரணத்துக்காக நான் 4கேயை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பெட்டகத்துக்காக 4கேயில் ஸ்கேன், வீட்டுக்கு நல்ல ப்ளூ-ரே. பணம் மிஞ்சினால் அடுத்ததைப் பார்க்கலாம்.

தெளிவு கூடும்போது வேறு ஒன்று நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் விமானம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது வண்ணம் மாற்றிய அமெரிக்கக் கர்ட்டிஸ் ஹாக் என்று தெரிந்துவிடும். அமெரிக்கப் படையின் பிரெஞ்சு ஸ்பாட் விமானம் என்று காட்டுவது அமெரிக்கத் தாமஸ்-மோர்ஸ் எம்பி-3. பெரிய ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் கோத்தா என்று வருவது அமெரிக்க மார்ட்டின் எம்பி-2. இதைச் 'சரிசெய்ய' வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவும். 'தி டாம் பஸ்டர்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். 1943 மே 16 இரவு பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியின் அணைகளைத் துள்ளிச் செல்லும் குண்டால் உடைத்த கதை, படம் வந்தது 1955இல். அப்போது அந்தக் குண்டின் வடிவம் இன்னும் ராணுவ ரகசியம், அதனால் படத்தில் வருவது நிஜக் குண்டு மாதிரி உருளையாக இல்லை, நிஜச் சோதனைக் காட்சிகளிலும் குண்டை மறைத்துத்தான் காட்டினார்கள். இன்றைய கருவியில் ஒரு மாலையில் சரியான உருளையை ஒட்டிவிடலாம். ஒட்டினால் குண்டு சரியாகிவிடும், 1955 காணாமல் போய்விடும். அதே படத்தில் படைத்தலைவர் கிப்சனின் நாய்க்குக் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல்தான் பெயர், நிஜத்திலும் அதுதான் பெயர். தொலைக்காட்சியில் வெட்டியும் மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். 2018இல் ஸ்டுடியோகேனல் நிறுவனம் மீட்டு வெளியிட்டபோது, புண்படுத்தக்கூடும் என்று சொல்லிவிட்டு, முதலில் திரையிட்டபடியே கொடுத்தது. கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

வண்ணத்துக்கு வருவோம். முதல் வழியின் பெரிய பலவீனம் இங்கேதான். மௌனப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்பது நம் காலத்து நினைப்பு. அன்றைக்குப் பிரதிகளுக்குச் சாயம் ஏற்றுவது சகஜம், இரவுக்கு நீலம், உள்அறைக்கு மஞ்சள் என்று. 'விங்ஸ்'இல் அதற்கு மேலே ஹேண்ட்ஷீகல் முறையும் இருந்தது. செயின்ட் லூயிஸின் அச்சுச் செதுக்குநர் மேக்ஸ் ஹேண்ட்ஷீகல் உருவாக்கியது, கல்லச்சில் நிறம் ஏற்றுவதை ஒத்த வேலை. எந்த இடத்தில் நிறம் வேண்டுமோ அதற்கு மட்டும் ஓர் அச்சுச்சுருள் தயாரித்து, அதிலிருந்து சாயத்தைப் பிரதியில் ஒற்றி எடுப்பார்கள். வானத்தில் விமானம் தீப்பற்றி விழும்போது அந்தத் தீ மட்டும் ஆரஞ்சு, துப்பாக்கி வாயில் பொறி மட்டும் ஆரஞ்சு, மற்றதெல்லாம் சாம்பல். எஞ்சிய நெகட்டிவில் இது எதுவும் இல்லை, சாயம் பிரதிக்குத்தான் ஏறும், நெகட்டிவுக்கு இல்லை. எனவே "இருப்பதை அப்படியே" கொடுத்தால் 1927இல் யாருமே பெரிய தியேட்டரில் பார்க்காத ஒரு படத்தைக் கொடுக்கிறீர்கள். நேர்மை என்ற பெயரில் அதுவும் ஒரு திரிபுதான். 2012இல் அந்த நிறத்தைக் கணினியில் மறுபடி உருவாக்கினார்கள். பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் எவ்வளவு ஆரஞ்சு? நிஜச் சாயம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கொஞ்சம் பிசகும், தீயின் விளிம்பைத் தாண்டி வழியும். கணினியில் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தலாம், 4கே டிஸ்க்கில் கண்ணைக் கூசும்படி ஒளிரவும் விடலாம். அந்த ஆசைக்கு அணை போட வேண்டும். என் யோசனை, சாம்பல் நிறப் படத்தை முதலில் முழுதாக முடித்து மூலப்பிரதியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சாயமும் ஆரஞ்சும் அதற்கு மேல் தனி அடுக்கு. நாளைக்கே ஏதோ ஒரு நாட்டில் சாயத்தோடு ஒரு நிஜப் பிரதித் துண்டு கிடைத்து நம் ஆரஞ்சு தப்பு என்று தெரிந்தால், அடுக்கைக் கழற்றி வேறு போடலாம். தூசோடு சேர்த்து அழித்த விமானத்தை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

மேக்னாஸ்கோப் கதை இன்னும் சிக்கல். பெரிய தியேட்டர்களில் வான்சண்டை வரும்போது திரைச்சீலைகள் விலகி, வேறு லென்ஸ் போட்டு, படம் திடீரென்று பெரிதாகும். வீட்டு டிவி விலகாது. வேண்டுமானால் மற்ற காட்சிகளை எல்லாம் சுருக்கி நடுவில் வைத்து, சண்டைக் காட்சியை மட்டும் திரை முழுக்க விடலாம். சொல்லும்போது நன்றாக இருக்கிறது. 32 அங்குல டிவி உள்ளவருக்கு இரண்டரை மணிநேரத்தில் முக்கால்வாசியைத் தபால்தலை அளவில் காட்டுவதுதான் இதன் விலை. சண்டைக் காட்சிகளை மட்டும் அப்படிச் செய்து கூடுதல் பகுதியில் வைத்தால் போதும்.

மூன்றாவது வழிக்காரர்கள் உடனே இயக்குநர் பீட்டர் ஜாக்சனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 2018இல் அவர் முதல் உலகப்போரின் ஆவணக் காட்சிகளுக்கு வேகம் திருத்தி, வண்ணம் பூசி, உதட்டசைவு பார்த்துக் குரல் சேர்த்து ஒரு படம் செய்தார். பிரமாதமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது போரின் பதிவை எடுத்துச் செய்த புதிய படம். அந்த வீரர்கள் பழுப்புச் சீருடை போட்டிருந்தார்கள், உலகம் வண்ணத்தில்தான் இருந்தது, அதைத் தேடிப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'விங்ஸ்' போரின் பதிவு இல்லை. ஒளிப்பதிவாளர் ஹாரி பெர்ரியும் அவருடைய ஆட்களும் சாம்பலில் யோசித்து, லென்ஸின் முன் வடிகட்டி போட்டு வானத்தைக் கருமையாக்கி, வெள்ளை மேகத்தைத் தூக்கிக் காட்டி எடுத்தது. அங்கே நீலம் பூசினால் அவர்கள் செய்த வேலையின் மேல் பூசுகிறீர்கள். இடையே ஃப்ரேம்களைக் கற்பனை செய்து நொடிக்கு அறுபதாக்கும் மென்பொருளையும் புரொப்பெல்லர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். இறக்கை இங்கேயிருந்து அங்கே எப்படிப் போனது என்று அதற்குத் தெரியாது, நடுவில் ஒரு குழம்பிய களிம்பைப் போடும்.

வேகம் என்றதும் ஒரு நிஜமான தலைவலி இருக்கிறது, இது எல்லா வழிக்கும் பொது. மௌனப்படங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் எடுக்கப்பட்டவை இல்லை, ஓட்டப்பட்டவையும் இல்லை. நொடிக்கு 20 ஃப்ரேமில் ஓட்ட நினைத்தால் 24 ஃப்ரேம் டிஸ்க்கில் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்றை இரட்டித்துப் போட வேண்டும். நடந்துபோகும் ஆளிடம் அது தெரியாது, சட்டத்தின் குறுக்கே சீராக நழுவும் விமானத்தில் விக்கல் மாதிரித் தெரியும். 24இல் விட்டால் விமானம் சீராகப் போகும், மனிதர்கள் சில இடங்களில் கொஞ்சம் அவசரப்படுவார்கள். விமானப் படம், விமானத்தின் பக்கம் சாய்வேன்.

ஒலியில் நான் ஏன் தாராளமாக இருக்கிறேன் என்றால், டிஸ்க்கில் படம் ஒன்றுதான், ஒலி எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், பிடிக்காவிட்டால் ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். 1927இல் ஜே. எஸ். ஜமெச்னிக் எழுதிய இசையை 2012இல் மறுபடி வாத்தியக்குழுவுக்கு அமைத்துப் பதிவு செய்தார்கள். மௌனப்பட காலத்திலேயே தியேட்டரில் ஆர்கன் வாசித்த கேலார்ட் கார்ட்டரின் இசை இன்னொரு பாதையாக உண்டு. அதோடு ஸ்கைவாக்கர் சவுண்ட் என்ற ஒலிக்கூடத்தில் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் எஞ்சின் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் சேர்த்தார். மௌனப்படத்துக்குச் சத்தமா என்று தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். ஆனால் பெரிய ஊர்களில் படம் ஓடியபோது திரைக்குப் பின்னால் எஞ்சின் ஒலி எழுப்பும் ஏற்பாடு இருந்தது, 1929 ஜனவரியில் பொதுவாக வெளியானபோது இசையும் ஒலியும் படத்தோடு சேர்ந்தே வந்தன. ஆகவே சத்தம் வரலாற்றுக்கு விரோதம் இல்லை. நானாக இருந்தால் இசை மட்டும் ஒரு பாதை, இசையோடு ஒலி ஒரு பாதை, ஆர்கன் ஒரு பாதை என்று மூன்றாகப் பிரித்து வைப்பேன். ஆர்கனில் பார்த்தால் படம் நாடகமாகிறது, எஞ்சின் சத்தத்தோடு பார்த்தால் போராகிறது, எனக்கு முதல் பாதி ஆர்கனிலும் சான்-மியெல் எஞ்சினிலும் வேண்டும்.

வாங்குபவர் பக்கம் முடிவு சுலபம். அமெரிக்காவின் 2012 பாரமவுண்ட் ப்ளூ-ரேயோ, அதே மீட்பை எடுத்து 2014இல் பிரிட்டனில் யுரேகா தன் 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா' வரிசையில் கொண்டுவந்ததோ போதும், இரண்டாவதை வாங்கினால் உங்கள் பிளேயர் எந்தப் பிராந்தியத்து டிஸ்க்கை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதுச்சொத்து ஆனபின் வண்ணம் பூசி, அறுபது ஃப்ரேமாக்கி யாராவது விற்றால், வாங்கும் முன் ஒரு மாதிரிக் காட்சி பார்த்துவிட்டுப் புரொப்பெல்லரையும் இழுவைக் கம்பியையும் தேடிப் பாருங்கள். அவை இல்லாவிட்டால் வேறு எதெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது.

புதிதாக யாராவது செய்வதாக இருந்தால், டிஸ்க்கில் மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு ஜிபியில் இன்னொரு பேட்டிப்படம் போட வேண்டாம், பேட்டியில் எல்லாரும் எல்லாரையும் பாராட்டுவார்கள். ஒரு முழு ரீலை, வான்சண்டை உள்ள ரீலாகப் பார்த்து, துடைக்காமல், சாயம் ஏற்றாமல், விளிம்பும் ஓட்டையும் தெரிய ஸ்கேன் செய்தபடியே போடுங்கள். எது நெகட்டிவில் இருந்தது, எது மீட்பவர் மேஜையில் சேர்ந்தது என்று பார்ப்பவர் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுக்கொள்வார்.